எதிர்காற்றில் நான்கு சைக்கிள்

வாலாஜாபாத்துக்குக் கிழக்கே மூன்று மைலில், பாலாற்றை ஒட்டி இருந்தது பத்மராஜின் ஊர். ஊரில் பதினைந்து நயினார் வீடுகள். எல்லாரும் விவசாயம் செய்கிற ஜைனக் குடும்பங்கள். அவன் அப்பா ஆதிநாதனுக்கு இரண்டு ஏக்கர் நஞ்சையும் மூன்று எருமைகளும் இருந்தன. 1970இல் பையன் எஸ்.எஸ்.எல்.சி. தேறியதும், மேலே படிக்கவைக்கலாமா என்று வீட்டில் ஒரு வாரம் பேச்சு நடந்தது. எட்டாவது நாள் ஆதிநாதன் ஒரு பழைய சைக்கிளையும் இரண்டு பால் கேன்களையும் கொண்டுவந்து மாட்டுக் கொட்டகையில் நிறுத்தினார். பேச்சு அத்தோடு முடிந்தது.

ஒரு கேனில் வீட்டுப் பால், இன்னொன்றில் அக்கம்பக்கத்து வீடுகளின் பால். அது போகவேண்டிய இடம் பெரிய காஞ்சிபுரம். அங்கே காபி ஓட்டல்கள் ஐந்தரைக்கு அடுப்பு மூட்டும். பால் அதற்கு முன்னால் போய்ச் சேர்ந்தாக வேண்டும். வாலாஜாபாத் ரைஸ் மில் முனையிலிருந்து மூன்று பேர் தினமும் நாலு மணிக்குப் பாலோடு கிளம்பினார்கள். பத்மராஜ் முதல் நாள் போய் நின்றபோது அவர்கள் கேன்களின் கயிற்றை இழுத்துப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

"கூட வரலாமாண்ணா?" என்று கேட்டான்.

மூவரில் மூத்தவன் பரசுராமன். இருபத்தெட்டு வயது, குட்டையான ஆள், அகலமான முதுகு. அவன் கயிற்றிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. "ரோடு கவருமெண்டுதுபா. வா. ஆனா நாங்க யாருக்கும் நிக்க மாட்டோம். ஓட்டல்காரன் எங்களுக்காக நிக்கிறதில்ல."

சொன்னபடியே அவர்கள் நிற்கவில்லை. ஐயம்பேட்டைக்கு முன்னாலேயே அவர்களுடைய டைனமோ விளக்கு சின்னதாகி மறைந்துபோனது. பத்மராஜ் பெரிய காஞ்சிபுரம் போய்ச் சேர்ந்தபோது விடிந்திருந்தது. ஓட்டல் முதலாளி பாலை வாங்கிக்கொண்டார், ஆனால் அவன் முகத்தைப் பார்க்கவில்லை. அந்த வாரம் முழுக்க இப்படியே போனது. இரண்டாவது வாரம் ரயில்வே கேட் வரைக்கும் கூட இருந்தான். ஒன்றரை மாதம் கழித்து ஒரு நாள், பின்னால் யாரோ மூச்சு வாங்குகிறதைக் கேட்டுப் பரசுராமன் திரும்பிப் பார்த்தான்.

"வந்துட்டியா?" என்று மட்டும் கேட்டான்.

அன்றைக்குத்தான் பத்மராஜுக்கு அந்த வரிசையின் சூட்சுமம் தெரிந்தது. ஆடி, ஆவணி மாதங்களில் காற்று மேற்கிலிருந்து நேரே முகத்தில் அடிக்கும். நாற்பது லிட்டர் பாலை வைத்துக்கொண்டு தனியாளாக அதை எதிர்த்து மிதித்தால் பாதி வழியில் தொடை இறுகிவிடும். ஆனால் முன்னால் போகிறவனின் பின் சக்கரத்தை ஒட்டி, ஒரு முழ இடைவெளியில் போனால் காற்று பாதியாகக் குறைந்துவிடும். வழியெல்லாம் வாய்க்கால்களின் மேல் சின்னச் சின்னப் பாலங்கள், கல்வெர்ட்டுகள். முன்னால் போகிறவன் ஒரு கல்வெர்ட்டிலிருந்து அடுத்த கல்வெர்ட் வரைக்கும் காற்றை வாங்குவான். பிறகு இடது கையைத் தூக்கிவிட்டு ஒதுங்கி, வரிசையின் கடைசிக்கு வந்துவிடுவான். அடுத்தவன் முன்னால் போவான். இதை யாரும் அவனுக்குச் சொல்லிக்கொடுக்கவில்லை. மூவரில் இரண்டாவது ஆளான யேசுதாஸ் கையைத் தூக்கி ஒதுங்கினான். முன்னால் பத்மராஜ் இருந்தான், அவ்வளவுதான். அவனால் அரைக் கல்வெர்ட் தூரம்தான் தாங்க முடிந்தது. மீதித் தூரத்தை அடுத்தவன் வாங்கிக்கொண்டான். ஒரு வருஷத்தில் மற்றவர்களைப் போலவே முழுத் தூரமும் தாங்கினான்.

திரும்பி வரும்போது காலிக் கேன்கள் கடகடவென்று சத்தம் போடும். எட்டு மணிக்கு வாலாஜாபாத் எல்லையில் ஒரு பெரிய பாசனக் கிணற்றில் இறங்குவார்கள். மூன்றாவது ஆள் கலியனுக்குப் பால் போக, கிணற்றில் தூர் எடுக்கிற வேலையும் உண்டு. மூச்சைப் பிடித்துக்கொண்டு அடி மண்ணை அள்ளி வருவதில் அவனை மிஞ்ச ஆள் கிடையாது. கிணற்றைப் பத்துச் சுற்றுச் சுற்றி நீந்த வேண்டும். கடைசியில் வருகிறவன் எட்டுக் கேன்களையும் தேய்க்க வேண்டும். முதல் ஆறு மாதமும் எட்டுக் கேன்களையும் பத்மராஜே தேய்த்தான்.

அவன் மட்டும் குதிக்காமல் படி வழியாக இறங்குவான். அம்மா கனகமாலா அதற்கு ஒரு நிபந்தனை வைத்திருந்தாள். "தண்ணியில எவ்ளோ சின்ன உயிருங்க இருக்குது. தொப்புனு குதிச்சா அதுங்க இன்னாடா ஆவும்? நீந்தறதுனா மெள்ள எறங்கி நீந்து." நீந்தினாலும் அதேதான் ஆகும் என்று அவனுக்குத் தோன்றியது. ஆனால் அம்மாவோடு வாதாடவில்லை, குதிக்கவும் இல்லை. இன்னொரு வழக்கமும் அவர்கள் வீட்டில் கண்டிப்பாக இருந்தது. சூரியன் இறங்கிய பிறகு யாரும் சாப்பிடுவதில்லை. அஞ்சரை மணிக்கு அடுப்பு அணைந்துவிடும். விடியற்காலையில் பால் எடுத்துப் போகிறவனுக்கு அதனால் ஒரு தொந்தரவும் இல்லை. அவன் ஏழு மணிக்கே தூங்கிவிடுவான்.

1972இல் நாட்டுக்குச் சுதந்திரம் கிடைத்து இருபத்தைந்து வருஷம் ஆனதென்று ஊர் ஊராக விழா எடுத்தார்கள். வாலாஜாபாத்தில் ஓர் இளைஞர் மன்றம், வழக்கமான கோலப் போட்டிக்கும் கயிறு இழுக்கும் போட்டிக்கும் மேலே புதிதாக ஏதாவது செய்ய நினைத்தது. ஏரியை நீந்திக் கடப்பது, கரையேறிக் காஞ்சிபுரம் போய்த் திரும்ப சைக்கிள் ஓட்டுவது, பிறகு ஏரிக்கரையிலும் ஆற்று மணலிலும் நாலு மைல் ஓடுவது. மூன்றையும் ஒரே மூச்சில் செய்ய வேண்டும். ஆகஸ்டில் ஏரியில் தண்ணீர் இல்லாததால் பந்தயம் அடுத்த ஜனவரி 26க்குத் தள்ளிப்போனது. முதல் பரிசு ஒரு டிரான்சிஸ்டர் ரேடியோ.

நோட்டீஸைப் படித்தது யேசுதாஸ். எப்போதும் ஏதாவது பாட்டை முணுமுணுத்துக்கொண்டே சைக்கிள் ஓட்டுகிறவன். "ரேடியோ நமக்குத்தான்பா," என்றான். "நீச்சலுக்குக் கலியன். சைக்கிளுக்கு நாம நாலு பேரு. ஓட்றது மட்டுந்தான் இன்னும் கத்துக்கல."

"ஓட்றதுக்கு இன்னா கத்துக்கணும்? நாய் தொரத்துனா ஓட்றதில்லியா?" என்றான் பரசுராமன்.

முப்பத்தோரு பேர் பெயர் கொடுத்திருந்தார்கள். மதகடியிலிருந்து நீந்தத் தொடங்கி, எதிர்க்கரையில் கலியன் முதலாவதாக ஏறினான். பிறகு செங்கல்பட்டிலிருந்து வந்த ஒரு கல்லூரி மாணவன். பத்மராஜ் ஒன்பதாவது. சைக்கிளில் ஏறி அரை மைல் போவதற்குள், பேசி வைத்த மாதிரி பால்காரர்கள் நால்வரும் ஒருவரை ஒருவர் கண்டுபிடித்துவிட்டார்கள். பழக்கம் தானாகவே வந்துவிட்டது. வரிசை சேர்ந்தது, கை தூக்கினார்கள், ஒதுங்கினார்கள். கேன் இல்லாத சைக்கிள் பறந்தது. ரயில்வே கேட்டுக்குள் எல்லாரையும் தாண்டிவிட்டார்கள். கல்லூரி மாணவன் மட்டும் தம் பிடித்துத் தனியாகவே சமாளித்து, ஒரு நிமிஷ தூரத்தில் வந்துகொண்டிருந்தான்.

ஓட்டத்தில் எல்லாம் தலைகீழானது. சைக்கிளை விட்டு இறங்கியதும் காலே தன்னுடையதில்லை என்பதுபோல் பத்மராஜுக்கு இருந்தது. கல்லூரி மாணவன் முதல் மைலிலேயே அவர்களைக் கடந்து முதலாவது வந்தான். பத்மராஜ் நான்காவது. பரசுராமன் ஒன்பதாவது. கலியன் பாதியில் மணலில் உட்கார்ந்துவிட்டான்.

மூன்றாவதாக வந்தவனின் அண்ணன் நடுவர் மேஜைக்குப் போனான். "நாலு பேரு ஒருத்தன் முதுக ஒருத்தன் புடிச்சிக்கினு வந்தாங்க. இது பந்தயமா, கல்யாண ஊர்வலமா?" என்றான். தம்பிக்குப் பரிசு கிடைத்த பிறகும் அவனுக்கு ஆத்திரம் அடங்கவில்லை. நடுவர்கள் விதித்தாளைப் புரட்டினார்கள். வரிசையாக ஓட்டக்கூடாது என்று அதில் எங்கேயும் இல்லை. அடுத்த வருஷம் சேர்க்கலாம் என்று எழுதிக்கொண்டார்கள்.

நடுவர்களில் ஒருவர் அப்பாதுரை. பெரிய காஞ்சிபுரத்தில் அவர் குடும்பத்துக்குப் பட்டுக்கடை இருந்தது. கல்லூரி நாட்களில் சைக்கிள் பந்தயங்களில் ஓட்டியவர். முப்பத்தைந்து வயதிலும் விடாமல், எட்டு இளைஞர்களைச் சேர்த்து ஒரு சைக்கிள் சங்கம் நடத்திவந்தார். அவர் பத்மராஜைத் தனியாகக் கூப்பிட்டார்.

"ஒனக்கு எத்தினி வயசு?"

"பத்தொம்போது சார்."

"மத்தவங்களுக்கு இதான் உச்சம். ஒனக்கு இனிமேதான். எங்க சங்கத்துக்கு வா. ரேஸ் சைக்கிள் தர்றேன். ஆனா பால் தூக்கறத வுட்டுடணும்பா. அவ்ளோ பாரம் வச்சி மிதிச்சா முட்டி போயிடும். ரேஸுக்கு வேற மாதிரி கால் வேணும்."

அன்று சாயங்காலமே பத்மராஜ் பரசுராமனிடம் சொன்னான். பரசுராமன் தன் சைக்கிள் செயினைத் துடைத்து முடித்தான். பிறகு, "வூட்டுப் பாலுக்கு இன்னா பண்ணுவ?" என்று கேட்டான். அதுதான் பத்மராஜுக்கும் தெரியவில்லை. யேசுதாஸ் சொன்னான்: "கேரியர்ல எடம் இருக்குது. அவன் வூட்டுக் கேனை நான் எடுத்துக்கினு போறேன். அக்கம்பக்கத்துப் பாலைக் கலியன் பாத்துக்குவான். போய் வாடா." மில் முனை வரைக்கும் பாலைத் தானே கொண்டுவருவதாகச் சொல்லி ஆதிநாதனும் சரியென்றார். பகலில் பையன் வயலுக்கு வருவான் என்பது அவருக்கு ஒரு லாபம்.

பிப்ரவரியில் பத்மராஜ் சங்கத்தில் சேர்ந்தான். சங்கம் இருந்த இடம், பட்டுக்கடைக்குப் பின்னால் நூல் மூட்டை வைத்திருந்த ஒரு நீளமான கூடம். சுவரில் ஒரு கரும்பலகை. அதில் ஒன்பது பெயர்கள், எதிரே நிமிஷமும் நொடியும். சாயங்காலம் ஐந்து மணிக்கு எல்லாரும் வந்து சேர்வார்கள். ஒருவரை அனுப்பிவிட்டு இரண்டு நிமிஷம் கழித்து அடுத்தவரை அனுப்புவார் அப்பாதுரை. ஆறு மைல் போய், ஆறு மைல் திரும்ப வேண்டும். அவர் ஸ்டாப் வாட்ச்சோடு உட்கார்ந்திருப்பார். வந்ததும் பலகையில் எழுதுவார். எழுதி முடித்ததும் பெயர்கள் வேகத்தின் வரிசைப்படி மாறும்.

முதல் மாதம் பத்மராஜ் நான்காவது பெயர். ரேஸ் சைக்கிள் அவன் கைக்கு இறகு மாதிரி இருந்தது. ஏப்ரலில் ஐந்தாவது. ஜூனில் ஏழாவது. ஏன் என்று அவனுக்கே விளங்கவில்லை. ஒழுங்காகத்தான் மிதித்தான். ஆனால் சாலையில் தனியாகப் போகும்போது எவ்வளவு வேகமாகப் போவது என்று தெரியாமல் தடுமாறினான். முன்னால் ஒரு முதுகு இருந்தால் அதை விடக்கூடாது என்று தெரியும். பின்னால் மூச்சு கேட்டால் தளரக்கூடாது என்று தெரியும். இங்கே முன்னாலும் யாரும் இல்லை, பின்னாலும் யாரும் இல்லை. திரும்பி வந்தால் பலகை இருந்தது. நீ ஏழாவது என்று அது சொல்லும். பால் வரிசையில் இருந்த இரண்டரை வருஷத்தில் தான் எத்தனையாவது என்று ஒரு நாளும் அவன் யோசித்ததில்லை.

போதாததற்குச் சாப்பாட்டுப் பிரச்சினை வேறு. ஐந்து மணிக்குத் தொடங்கி ஏழு மணிக்கு முடிகிற பயிற்சி. அதற்குள் சூரியன் இறங்கிவிடும். மற்றவர்கள் முடித்ததும் ஓட்டலுக்குப் போய் இட்லியும் தோசையுமாகச் சாப்பிடுவார்கள். பத்மராஜ் நாலு மணிக்கே எடுத்துவந்த சோற்றைச் சாப்பிட்டால் மிதிக்கும்போது வயிறு பிடித்தது. சாப்பிடாமல் போனால் மறுநாள் காலை வரைக்கும் பட்டினி. அவன் பெரும்பாலும் பட்டினியாகவே இருந்தான். யாரிடமும் சொல்லவில்லை. சொன்னால் ஊர் வழக்கத்தைக் கேலி செய்வார்கள் என்று நினைத்தான்.

ஒரு நாள் காலையில் முற்றத்தில் குளித்துக்கொண்டிருந்தவனை கனகமாலா நின்று பார்த்தாள். "கழுத்தெலும்பு தெரியுதுடா," என்றாள். "நீ சைக்கிள ஓட்றியா, சைக்கிள் ஒன்னத் தின்னுதா?"

"பயிற்சிமா. அப்படித்தான் இருக்கும்."

"பால் எடுத்துக்கினு போனப்ப இப்டி இல்லியே."

அவன் தலையைத் துவட்டினான்.

ஆகஸ்டில் அவன் பெயர் பலகையில் ஒன்பதாவதாக வந்தது. எட்டாவது பெயர் ஆதிகேசவன். ஐயம்பேட்டை நெசவாளர் வீட்டுப் பையன், இருபத்திரண்டு வயது. அப்பாதுரையின் கடையில் வாடிக்கையாளர்களுக்குப் புடவையை விரித்துக் காட்டுவதும், அவர்கள் போனபின் அதே மடிப்பில் மடித்து வைப்பதும் அவன் வேலை. நாள் முழுக்கக் காலை மடக்கி உட்கார்ந்திருப்பவன். பத்மராஜ் பலகையையே பார்த்துக்கொண்டிருப்பதைக் கண்டு பக்கத்தில் வந்தான்.

"ஒன்னால எனக்கு ஒரு பிரமோஷன்," என்றான். "ரெண்டு வருசமா நான்தான் கடைசி."

பத்மராஜுக்குச் சிரிப்பு வரவில்லை. "நான் நின்னுடலாம்னு பாக்கறேன்," என்றான்.

"நின்னா நான் மறுபடி கடைசி ஆயிடுவேனே," என்ற ஆதிகேசவன், "காலையில ஓட்டிப் பாத்தியா?" என்று கேட்டான். "சாயங்காலம் கடையில இருந்து எந்திரிச்சி வரும்போது என் இடுப்பு பலகை மாதிரி இருக்குது. காலையிலனா கொஞ்சம் நல்லா இருக்கும்னு தோணுது. ஒத்தையா ஓட்டறதுக்குத்தான் சோம்பலா இருக்குது."

மறுநாள் விடிவதற்கு முன்னால் இருவரும் ஐயம்பேட்டையில் சந்தித்து மேற்கே கிளம்பினார்கள். காற்று நன்றாக வீசிக்கொண்டிருந்தது. அருகருகே, பேசிக்கொண்டே மிதித்தார்கள். இரண்டு மைல் போயிருப்பார்கள். பின்னாலிருந்து சைக்கிள் சங்கிலியின் சத்தமும் ஒரு பாட்டு முணுமுணுப்பும் கேட்டது. பத்மராஜ் திரும்புவதற்குள் மூன்று பால் சைக்கிள்கள் அவர்களைத் தாண்டிப் போய்விட்டன. யேசுதாஸின் கேரியரில் மூன்றாவதாக ஒரு கேன் இருந்தது. அது ஆதிநாதன் வீட்டுக் கேன்.

"யாருபா அது, பால் தூக்கிக்கினு நம்மளத் தாண்டறது?" என்று கேட்டான் ஆதிகேசவன். அவன் குரலில் உண்மையான அதிர்ச்சி இருந்தது.

"எங்க ஆளுங்க," என்றான் பத்மராஜ். சொல்லிக்கொண்டே எழுந்து நின்று மிதித்தான்.

பிடிக்க ஒரு மைல் ஆனது. யேசுதாஸின் பின் சக்கரத்துக்குப் பின்னால் பத்மராஜ் ஒட்டிக்கொண்டான். அவனுக்குப் பின்னால் ஆதிகேசவன். காற்று சட்டென்று குறைந்தது. முன்னாலிருந்து பரசுராமனின் குரல் வந்தது. அவன் திரும்பவில்லை.

"பின்னால யாரு, தயிர்க்காரங்களா?"

"நான்தான்ணா, பத்மராஜ்."

"சரி. கேன் இல்லாதவன் சும்மா வரக்கூடாது. ரெண்டு கல்வெர்ட் புடி."

பத்மராஜ் முன்னால் போனான். இரண்டு கல்வெர்ட் தூரம் காற்றை வாங்கினான். இடது கையைத் தூக்கி ஒதுங்கியபோது தொடை எரிந்தது. ஆறு மாதத்தில் முதல் தடவையாக அவனுக்கு நன்றாகப் பசித்தது. காஞ்சிபுரத்தில் மூங்கில் மண்டபத்தருகே இறங்கியபோது கிழக்கு வெளுத்திருந்தது. ஆதிகேசவன் சைக்கிளை ஒரு கம்பத்தில் சாய்த்துவிட்டுக் குனிந்து முழங்காலைப் பிடித்துக்கொண்டு நின்றான். "நாளைக்கும் வருவாங்களா?" என்று கேட்டான்.

"எரும லீவு வுடுமா?" என்றான் கலியன்.

மூன்று வாரத்தில் பலகையில் ஆதிகேசவனின் பெயர் ஐந்தாவது இடத்துக்கு ஏறியது. பத்மராஜ் நான்காவது. அப்பாதுரை ஸ்டாப் வாட்ச்சைக் காதில் வைத்துப் பார்த்தார், ஓடிக்கொண்டுதான் இருந்தது. "ரெண்டு பேரும் இன்னா பண்றீங்க?" என்று கேட்டார். பத்மராஜ் தயங்கினான். பால் தூக்குவதை விடச் சொன்னவரிடம் பால்காரர்களைப் பற்றி எப்படிச் சொல்வது என்று விழித்தான். ஆதிகேசவன் ஒளிக்காமல் சொல்லிவிட்டான்.

அப்பாதுரை கோபப்படவில்லை. அடுத்த திங்கட்கிழமை விடியற்காலையில் தன்னுடைய ரேஸ் சைக்கிளோடு ஐயம்பேட்டையில் வந்து நின்றார். வரிசையில் கடைசியாகச் சேர்ந்துகொண்டார். ரயில்வே கேட் தாண்டி ஒரு பர்லாங்கில் அவர் கழன்றுபோனார். காபி ஓட்டல் வாசலில் எல்லாரும் பாலை இறக்கி முடிக்கும்போதுதான் வந்து சேர்ந்தார். வியர்வையைத் துடைத்துக்கொண்டு பரசுராமனிடம், "தெனமும் இந்த வேகத்துலயா போறீங்க?" என்று கேட்டார்.

"இன்னிக்கு மெதுவு சார்," என்றான் பரசுராமன். "நீங்க வந்தீங்களேன்னு."

அப்போதுதான் பத்மராஜ் வாயைத் திறந்தான். "சார், சாயங்காலப் பயிற்சியால எனக்கு ராத்திரிச் சாப்பாடு கெடையாது. எங்க வூட்ல பொழுது எறங்கனா சாப்ட மாட்டாங்க."

அப்பாதுரை அவன் பக்கம் திரும்பினார். "ஆறு மாசமாவா? இத ஏன்பா மொதல்லயே சொல்லல?"

"கேக்கலியே சார்," என்றான். சொன்ன பிறகு மரியாதைக் குறைவாகப் போய்விட்டதோ என்று பயந்தான். அப்பாதுரை தலையை ஆட்டிக்கொண்டார். கேட்டிருக்க வேண்டும் என்று அவரும் ஒப்புக்கொண்ட மாதிரி இருந்தது.

சங்கத்தின் பயிற்சி காலைக்கு மாறியது. எல்லாரும் வரவில்லை, விடியற்காலை எழ முடியாத மூன்று பேர் நின்றுவிட்டார்கள். மீதிப் பேர் பால் வரிசையோடு சேர்ந்தார்கள். அக்டோபரில் ஒன்பது சைக்கிள்கள் ஒன்றன்பின் ஒன்றாகப் போவதைப் பார்த்து, எதிரே வந்த முதல் பஸ் டிரைவர் ஊர்வலமோ என்று ஓரம் கட்டினார். மாற்றம் ஒரு பக்கம் மட்டும் நடக்கவில்லை. ஸ்டாப் வாட்ச்சைப் பார்த்த பிறகு யேசுதாஸுக்குப் பைத்தியம் பிடித்துவிட்டது; ரைஸ் மில் முனையிலிருந்து மூங்கில் மண்டபம் வரைக்கும் எத்தனை நிமிஷம் என்று தினமும் கேட்டான். சங்கத்துப் பையன்கள் ஆற்று மணலில் ஓடக் கற்றுக்கொடுத்தார்கள். கலியன் அவர்களைக் கிணற்றில் இறக்கினான். அப்பாதுரைக்கு நீச்சல் தெரியாது. பட்டுக்கடை முதலாளி இடுப்பில் சுரைக்குடுவையைக் கட்டிக்கொண்டு கிணற்றில் மிதந்ததைப் பார்க்க வயலிலிருந்து ஆட்கள் வந்தார்கள். கடைசியாக வருகிறவன் கேன் தேய்க்கும் சட்டம் அவருக்கும் பொருந்தியது. அவர் தேய்த்தார்.

1974 ஜனவரி 26 அன்று இரண்டாவது தடவையாகப் பந்தயம் நடந்தது. முப்பத்தெட்டு பேர். இந்த முறை விதித்தாளில் ஒரு வரி சேர்ந்திருந்தது: சைக்கிளில் ஒருவருக்குப் பின்னால் ஒருவர் பத்து கஜத்துக்குள் போகக்கூடாது. கல்வெர்ட்டுக்கு ஒரு தொண்டர் சிவப்புக் கொடியோடு நின்றிருந்தார்.

பத்மராஜ் ஐந்தாவதாகக் கரையேறினான். காஞ்சிபுரம் போகும்வரை காற்று முதுகில் இருந்தது. இரண்டு பேரைத் தாண்டினான். முன்னால் இருந்தது செங்கல்பட்டு மாணவனும் கலியனும் மட்டும். மூங்கில் மண்டபத்தில் திரும்பியதும் தை மாதத்து வாடை நேரே மார்பில் அடித்தது. ஐயம்பேட்டைக்கு முன்னால் கலியனைத் தாண்டினான்.

"போ, போ. காலு வெறச்சிட்சி," என்றான் கலியன்.

அதன் பிறகு சாலையில் அவனும் காற்றும்தான். வேகம் சரியாக இருந்தது. அவன் உடம்புக்கு அது மனப்பாடம். ஆனால் ஒவ்வொரு கல்வெர்ட்டுக்கும் ஒரு விஷயம் நடந்தது. கல்வெர்ட் வந்ததும் தொடை தானாகத் தளர்ந்தது. மூன்றரை வருஷமாக அந்த இடத்தில் கையைத் தூக்கி ஒதுங்கிப் பழகிய கால், ஒதுங்கப் பார்த்தது. ஒரு தடவை இடது கை கைப்பிடியை விட்டே எழுந்துவிட்டது. கொடி பிடித்த தொண்டர், தனக்குத்தான் கை காட்டுகிறான் என்று நினைத்துத் தானும் கையை ஆட்டினார். ஒவ்வொரு தடவையும் வேகத்தை மறுபடி கூட்ட நாலைந்து நொடி ஆனது.

ஓட்டத்தில் இந்த வருஷம் கால் அவனுடையதாகவே இருந்தது. ஏரிக்கரையில் செங்கல்பட்டு மாணவனின் வெள்ளை பனியன் முன்னால் தெரிந்தது. மணலில் இறங்கியபோது நூறு கஜம். மறுபடி கரையேறியபோது ஐம்பது. அதற்கு மேல் குறையவில்லை. பத்மராஜ் இரண்டாவதாக வந்தான், பத்தொன்பது நொடி வித்தியாசத்தில். ஆதிகேசவன் ஆறாவது. பரசுராமன் பத்தாவது, முப்பத்திரண்டு வயதில் அது போதும் என்று அவனே சொன்னான். கலியன் இந்த முறை மணலில் உட்காராமல், நடந்தாவது முடித்தான்.

ஏரிக்கரைப் புளியமர நிழலில் உட்கார்ந்து அப்பாதுரை கணக்குப் பார்த்தார். "சைக்கிள்லதான் விட்டிருக்க," என்றார். "போறப்ப அவனை விட வேகம். திரும்பறப்ப இழுத்துடுச்சி. காத்தா?"

"காத்து இல்ல சார். கல்வெர்ட்," என்றான் பத்மராஜ். நடந்ததைச் சொன்னான். சுற்றி இருந்தவர்கள் சிரித்தார்கள். பரசுராமன் மட்டும் சிரிக்கவில்லை.

"அது எங்களால வந்தது," என்றான்.

"நீங்க இல்லனா நான் அந்தக் கல்வெர்ட் வரைக்குமே போயிருக்க மாட்டேன்ணா," என்றான் பத்மராஜ்.

ஐந்து நாள் வரிசையோடும், வாரத்தில் ஒரு நாள், வியாழக்கிழமை, தன்னந்தனியாக எதிர்காற்றிலும் ஓட்டுவது என்று அன்றைக்கே முடிவானது. அந்த வியாழக்கிழமைகளை அவன் வெறுத்தான். ஆனாலும் ஒரு வாரமும் விடவில்லை. ஆடி மாதத்துக்குள் கல்வெர்ட்டில் கால் தளருவது நின்றுபோனது. அப்பாதுரையின் வாட்ச், தனியாக ஓட்டிய நேரத்தில் ஒன்றரை நிமிஷம் குறைந்ததாகக் காட்டியது. அடுத்த ஜனவரியில் ரேடியோ நிச்சயம் என்று யேசுதாஸ் ஊரெல்லாம் சொல்லிவைத்தான்.

அந்த ஐப்பசியில் மழை பெய்யவில்லை. கார்த்திகையிலும் இல்லை. ஏரியின் நடுவில் மாடுகள் மேய்ந்தன. இளைஞர் மன்றம் ஒரு வருஷம் பார்த்தது, இரண்டு வருஷம் பார்த்தது. பிறகு மன்றத்தின் செயலாளர் சென்னையில் வேலை கிடைத்துப் போய்விட்டார். மூன்றையும் ஒரே மூச்சில் செய்கிற அந்தப் பந்தயம் அதற்குப் பிறகு அங்கே நடக்கவே இல்லை. வேறெங்காவது நடக்கிறதா என்று அப்பாதுரை சிலருக்குக் கடிதம் எழுதிக் கேட்டார். அப்படி ஒன்றைக் கேள்விப்பட்டதே இல்லை என்று பதில் வந்தது. பத்தொன்பது நொடியைப் பத்மராஜ் பிடித்திருப்பானா என்பது யாருக்கும் தெரியாமலே போயிற்று. அவனுக்கு அது சில காலம் உறுத்திக்கொண்டிருந்தது, வியாழக்கிழமைகளில் அதிகமாக.

1976இல் மின்சார வாரியத்தில் உதவியாளர் வேலைக்கு ஆள் எடுத்தார்கள். பத்மராஜ் விண்ணப்பம் போட்டான். நேர்முகத்தில் அதிகாரி அவன் சான்றிதழ்களைப் புரட்டிவிட்டு, "லைன் பார்க்க கிராமம் கிராமமாப் போகணும். ஜீப்பெல்லாம் கிடையாது. சைக்கிள் ஓட்டத் தெரியுமா?" என்று கேட்டார்.

"தெரியும் சார்."

"ஒரு நாளைக்கு இருபது மைல் கூட ஆகும்."

"பரவால்ல சார்."

வேலை கிடைத்தது. வாலாஜாபாத்தைச் சுற்றிப் பதினான்கு கிராமங்கள். வேலை நேரம் ஒன்பது மணிக்குத் தொடங்கியதால் காலை அவன் கையில்தான் இருந்தது. நாலு மணிக்கு ரைஸ் மில் முனைக்குப் போவான். ஆதிநாதன் வீட்டுக் கேனை யேசுதாஸிடமிருந்து திரும்ப வாங்கித் தன் கேரியரிலேயே கட்டிக்கொண்டான். பெரிய காஞ்சிபுரம் போய்ப் பாலை இறக்கிவிட்டு, கிணற்றில் படி வழியாக இறங்கிப் பத்துச் சுற்று நீந்திவிட்டு, வீட்டுக்குப் போய் கனகமாலா போடுகிற சோற்றைச் சாப்பிட்டுவிட்டு, ஒன்பது மணிக்குக் கம்பம் ஏறப் போவான்.